ஆயுத பூசைக்கு அணைத்த பெட்டி

மகா: அதத் தொடைக்காதீக சார்.

சூரி: எத?

மகா: பெட்டி மேல இருக்கிற பொட்ட. சந்தனம் காஞ்சு போச்சு. உதிர்ந்தா அதுவா உதிரட்டும்.

சூரி: நான் தொடைக்கல மகா. சீரியல் நம்பரு அதுக்கு அடியிலதான் இருக்கு. சரியா அது மேலயே கொண்டு போயி வச்சிருக்கீக.

மகா: சாமி கும்புடுறப்ப நம்பரப் பாத்துக்கிட்டா வைப்பாக?

சூரி: அதுசரி... அதென்ன புதுசா சாரு? பாலிடெக்னிக்ல மூணு வருசம் ஒண்ணாப் படிச்சோம். ஒரு நாள் நீ என்னய சார்னு கூப்பிட்டதில்ல.

மகா: அப்ப நீ கடைசி பெஞ்சு. என் ரெக்கார்டு நோட்ட வாங்கிட்டுப் போயி, அப்பிடியே பாத்து எழுதி, மேல எம்பேரையும் சேத்து எழுதிக் குடுத்த ஆளு.

சூரி: அதச் சொல்லிச் சொல்லியே சாகடி. இப்ப நீன்னு சொன்னேல்ல... அப்பிடியே பேசு.

மகா: இன்னைக்கு முடியாது சார். இன்னைக்கு நீங்க இந்தப் பெட்டிய மாட்டுன ஃபயர்வால் கம்பெனி. நான் ஆஸ்பத்திரி ஆளு. கூட நின்னு பாத்துட்டு, அவரு எழுதிக் குடுக்கிறத வாங்கிட்டு வான்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காக.

சூரி: நிக்க எடம் எங்க இருக்கு இதுல? மாடிப்படிக்கு அடியில ஒரு பொந்து. தலைய நிமித்துனா இடிக்குது. ஃபேனையாவது போடு.

மகா: ஓடாது. வேல்பாண்டியண்ணன்தான் பாக்கணும். அவரு நாலு நாளா...

சூரி: தெரியும்.

மகா: என்ன தெரியும்?

சூரி: எலெக்ட்ரீசியன் அண்ணனோட அப்பாவுக்குத்தான... கம்பெனியில சொன்னாக. இப்ப எப்பிடி இருக்காரு?

மகா: மாடியில பதினோராம் நம்பர் கட்டில். நீங்களே போயிப் பாத்துட்டு வாங்க.

சூரி: மொதல்ல இந்த வேலைய முடிச்சிர்றேன்.

மகா: பாக்க மாட்டீக.

சூரி: பாக்குறேன் மகா. முடிச்சிட்டு...

மகா: பக்கவாதம். வலது கை, வலது கால் ரெண்டும் வரல. வாய் ஒரு பக்கமா இழுத்துருச்சு. பேச்சுல ஒரே ஒரு வார்த்ததான் மிச்சம். 'ஆமா'. வலிக்குதா பெரியப்பான்னா, ஆமா. வலிக்கலையான்னா, அதுக்கும் ஆமா. ஒம் பேரு நல்லகண்ணுதானன்னு நர்சு கேட்டா, ஆமா. ஒம் பேரு முருகேசன்தானன்னு அவளே திருப்பிக் கேட்டா...

சூரி: போதும்.

மகா: ஆமாங்கிறாரு சார். கண்ணுல தண்ணி வடியுது, வாய் ஆமாங்குது.

சூரி: போதும்னு சொன்னேன்ல. நேரத்தச் சொல்லு. ரிப்போர்ட்டுல போடணும்.

மகா: விஜயதசமி அன்னைக்கு. காமயகவுண்டன்பட்டியில திராட்சத் தோட்டத்துல கொடி கட்டிக்கிட்டு இருந்திருக்காரு. எட்டு மணிக்குப் பந்தலுக்கு அடியிலயே சாஞ்சிட்டாரு. எட்டே முக்காலுக்கு இங்கன கொண்டு வந்தாச்சு. வேல்பாண்டியண்ணன் அன்னைக்கு டூட்டி. ஸ்ட்ரெச்சரப் பிடிக்கப் போனவரு, அப்பாவப் பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டாரு.

சூரி: ஸ்கேன்?

மகா: ஒம்பது அஞ்சுக்கு முடிஞ்சிருச்சு.

சூரி: அந்தப் படம் மதுரைக்குப் போகணும்.

மகா: ஆமா. மதுரையில நரம்பு டாக்டர் பாத்து, ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான்னு சொன்னாத்தான் இங்கன ஊசி போடுவாக. ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி. நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டுறணும். பன்னண்டரை வரைக்கும் நேரம் இருந்துச்சு சார். ஊசி ஃப்ரிஜ்ஜுல இருந்துச்சு. டூட்டி டாக்டர் பக்கத்துலயே இருந்தாக. எல்லாம் இருந்துச்சு...

சூரி: படம்தான் போகல.

மகா: போகலன்னு காட்டியிருந்தா வேற வழி பாத்திருப்பாகளே! போயிக்கிட்டிருக்குன்னுல்ல காட்டுச்சு. ஸ்கேன் ரூமுல அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. டூட்டி டாக்டர் மதுரைக்கு ஃபோன் போட்டா, இன்னும் வரல, வந்ததும் பாக்குறேன்கிறாக. இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னே... ஆம்புலன்ஸ்ல ஏத்தித் தேனிக்குக் கொண்டு போயிருந்தாக்கூட ஒரு மணி நேரம்தான் சார்.

சூரி: செல்லுல போட்டோ எடுத்து அனுப்பலையா?

மகா: அனுப்புனாக. பன்னண்டு இருவதுக்கு. அவுக பாத்துட்டுக் கூப்பிடும்போது பன்னண்டு அம்பது. அடைப்புதான், ஆனா இனிமே ஊசி போட வேணாம்னுட்டாக.

சூரி: அன்னைக்கு நெட்டு இருந்துச்சா?

மகா: அதான கொடும! வாட்ஸ்அப் ஓடுச்சு. நான் ரிசப்சன்ல பில்லு போட்டேன். வெளிய ஒக்காந்திருந்த ஒருத்தன் கிரிக்கெட்டு பாத்தான். அந்தப் படம் மட்டும் போகல. பெட்டி என்ன சொல்லுது? ரொம்ப நேரமா அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீக.

சூரி: லாக் எடுத்துட்டேன். யாரு எப்ப வெளிய போகக் கேட்டாக, பெட்டி விட்டுச்சா மறிச்சுச்சான்னு எல்லாம் இதுல பதிஞ்சிருக்கும். ஒம்பது ஆறுக்கு மொத தடவ கேட்டிருக்கு. மறிச்சிருச்சு. ஒம்பது பத்துக்கு மறுபடி. மறிச்சிருச்சு.

மகா: எத்தன தடவ?

சூரி: நாப்பத்தொண்ணு.

மகா: நாப்பத்தொரு தடவ... எய்யா...

சூரி: மகா, ஒக்காரு. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காரு.

மகா: திருடன் உள்ள வரக்கூடாதுன்னுதான இத வச்சோம்? பெட்டிய மாட்டுனா எந்த வைரசும் கிட்ட வராதுன்னுதான சொன்னீக? உள்ள இருந்து வெளிய போறத அது எதுக்கு மறிக்குது?

சூரி: ரெண்டு பக்கமும் பாக்கும். நாம என்ன ரூல் போட்டிருக்கமோ, அதத்தான் செய்யும்.

மகா: அப்ப, ஸ்கேன் படத்த விடாதன்னு ரூல் போட்டது யாரு?

சூரி: அது... அப்பிடி இல்ல. முந்துன நாளு ஆயுத பூச. சாயங்காலம் நாலு பன்னண்டுக்குப் பெட்டி அணைஞ்சிருக்கு. நாலு இருவதுக்குத் திரும்ப ஓடியிருக்கு. அந்த எட்டு நிமிசம்தான் காரணம். பவர் ஆஃப். யாரோ அணைச்சிருக்காக.

மகா: அணைச்சுப் போட்டா ரூல் மாறிருமா?

சூரி: சில நேரம் மாறும்.

மகா: எஞ் செல்ல தெனமும் அணைச்சுப் போடுறேன். எங்க அம்மா நம்பர் அதுக்கு மறந்தா போகுது?

சூரி: செல்லு வேற, இது வேற. எழுதுறேன், நீ டைப் அடிச்சுக்க. இம்மானுவேல் சாரு வாட்ஸ்அப்புல வாசகமே அனுப்பிட்டாக.

மகா: யாரு?

சூரி: எங்க மேனேஜரு. 'ஆஸ்பத்திரி ஊழியர் முன்னறிவிப்பின்றி மின் இணைப்பைத் துண்டித்ததால் சாதனம் தன் அமைப்பை இழந்தது. சாதனத்திலோ, அதை நிறுவிய முறையிலோ குறை ஏதும் இல்லை.' இம்புட்டுத்தான்.

மகா: ஊழியர்னா... பேரு போட்டிருக்கா?

சூரி: போட்டிருக்கு. ந. வேல்பாண்டி, எலெக்ட்ரீசியன்.

மகா: அவரு பேரா?

சூரி: அவரே ஒத்துக்கிட்டாராம்ல? நாந்தான் அணைச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாராம்.

மகா: எப்ப?

சூரி: முந்தாநாளு. ஒனக்குத் தெரியாதா?

மகா: வாயால சொன்னது தெரியும். நாந்தான் அணைச்சேன், எங்கப்பன நானே கொன்னுட்டேன்னு ஜெனரேட்டர் ரூமு வாசல்ல ஒக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாலு நாளாச் சோறு எறங்கல. அழுகையில சொல்றாருன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுட்டாரா?

சூரி: போட்டுட்டாரு. பாவம்தான். அவரும் வேணும்னா செஞ்சாரு? ஆயுத பூசன்னா எல்லாத்தையும் தொடைச்சு, பொட்டு வச்சு... எல்லா எடத்துலயும் நடக்குறதுதான. எங்க கம்பெனியிலயே டெஸ்டரு, ட்ரில்லிங் மெசினு எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம்.

மகா: சூரி.

சூரி: ம்?

மகா: அவரு அணைக்கல.

சூரி: என்ன?

மகா: அவரு ஏணி மேல நின்னு சீரியல் பல்பு கட்டிக்கிட்டு இருந்தாரு. நாந்தான் அணைச்சேன்.

சூரி: மகா...

மகா: தூசி அப்பியிருந்துச்சுடா. ஈரத் துணிய வச்சுத் தொடைக்கணும், ஷாக் அடிக்குமோன்னு பயம். ஓடுற மெசினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு எங்க அம்மா வேற சொல்லும். பின்னாடி இருந்த சுவிச்ச அமுக்குனேன். தொடைச்சேன். சந்தனம் வச்சேன், குங்குமம் வச்சேன். ஒரு பூவும் வச்சேன். நல்லா ஓடணும் சாமீன்னு கும்புட்டு... நானே திரும்பப் போட்டேன். லைட்டு எரிஞ்சுச்சு, நெட்டு வந்துச்சு. எல்லாம் சரியாயிருச்சுன்னு சுண்டல் குடுக்கப் போயிட்டேன்.

சூரி: இத ஏன் யார்ட்டயும் சொல்லல?

மகா: சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு நாந்தான்னு சொல்லிட்டாரு. எனக்காகச் சொல்றாருடா... தங்கச்சி மாதிரின்னு எப்பயும் சொல்வாரு. கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டிருக்கிற பிள்ள, பேரு கெட்டுறக் கூடாதுன்னு சொல்றாரு. நானும் வாயப் பொத்திக்கிட்டேன். நாலு நாளு. மனுசியா நான்? மாடிக்குப் போனா பெரியப்பா என்னய ஏறிட்டுப் பாக்குறாரு. நீங்கதான பெரியப்பா என்னய மன்னிக்கணும்னு மனசுக்குள்ள கேக்குறேன். அவரு, ஆமாங்கிறாரு.

சூரி: அழாத.

மகா: எட்டு நிமிசம்டா. எட்டு நிமிசம் அணைச்சதுக்கு ஒரு மனுசனோட கை, காலு, பேச்சு அம்புட்டையும் பறிச்சிட்டேன். கொடி கட்டுற கை. அந்தக் கையிலதான் அவுக வீட்டு அடுப்பு எரிஞ்சுச்சு. நான் செத்துரலாம்னு...

சூரி: ஏய்! என்ன பேசுற?

மகா: நெசமாத்தான். நேத்து முல்லையாத்துப் பாலத்துல பஸ்ஸு போகயில எட்டிப் பாத்தேன். தண்ணி நெறைய...

சூரி: மகா. மகா, இங்க பாரு. நீ இல்ல.

மகா: என்ன நானில்ல?

சூரி: நீ அணைச்சதால இல்ல.

மகா: இப்பத்தான் பவர் ஆஃபுன்னு வாசிச்ச?

சூரி: வாசிச்சேன்... அந்தக் கதவச் சாத்து.

மகா: சாத்துனா மூச்சு முட்டும்.

சூரி: பாதி சாத்து. கேளு. இதே பெட்டி நான் மூணு எடத்துல மாட்டியிருக்கேன். போடியில ஒரு ஏலக்காக் குடோன். அங்கன ஒரே நெட்டு லைனு, ஆறு கம்ப்யூட்டரு. ஓடிக்கிட்டு இருக்கிற வயருக்கு நடுவுல பெட்டியச் செருகிட்டா முடிஞ்சது. எந்த நம்பரையும் மாத்த வேணாம். வடைக்கு வெளிய போனவன் திரும்பி வாரதுக்குள்ள வேல முடிஞ்சிருச்சு.

மகா: சரி.

சூரி: ரெண்டாவது, தேனிக்குப் பக்கத்துல ஒரு காலேஜு. எண்ணூறு பிள்ளைக. சனி, ஞாயிறு, லீவு நாளுன்னா லேபுல இருந்து சினிமாவ ஏத்தி எறக்கி லைனையே அடைச்சிருவாங்க. அதனால ஒரு ரூல் கேட்டாக. லீவு நாள்ல பெரிய ஃபைலு எதுவும் வெளிய போகக்கூடாது. வருசத்து லீவு லிஸ்ட்டு மொத்தத்தையும் பெட்டிக்குள்ள ஏத்திக் குடுத்தேன்.

மகா: லீவு நாளு...

சூரி: மூணாவது இங்க. இது வேற மாதிரி எடம். ரெண்டு லைனு. ஸ்கேனுக்குத் தனி, லேபுக்குத் தனி, பில்லுக்குத் தனின்னு பிரிக்கணும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணுக்குப் பரவக் கூடாது. ஒழுங்காச் செஞ்சா ரெண்டு நாளு வேல. எனக்குக் குடுத்தது அரை நாளு. போடியில லைனு போச்சு, உடனே வான்னு வேற ஃபோன் மேல ஃபோன்.

மகா: அதுக்கு?

சூரி: காலேஜு பெட்டி ரூலு மொத்தத்தோட பேக்கப்ப இதுல ஏத்திட்டேன்.

மகா: அப்பிடியேவா?

சூரி: அப்பிடியே. அப்புறம் ஒக்காந்து, இங்கன வேணாங்கிறத எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்தேன். அந்த லீவு நாளு ரூலையும் எடுத்தேன். சத்தியமா எடுத்தேன் மகா! ஸ்கேன் படம் ஒண்ணு மதுரைக்கு அனுப்பிப் பாத்தேன், போச்சு. மூணு மாசமா ஞாயித்துக்கெழம கூடப் போச்சா இல்லையா?

மகா: போச்சு.

சூரி: எடுத்தேன். ஆனா... சேவ் பண்ணல.

மகா: என்ன பண்ணல?

சூரி: ஓடுற பெட்டியில மாத்துனா மாத்துனது ஓடும். கடைசியில ஒரு வரி அடிக்கணும், சேவ்னு. அப்பத்தான் அணைஞ்சு எரிஞ்சாலும் நிக்கும். இல்லன்னா பழசுக்கே போயிரும். காலேஜு பேக்கப்புக்கு. அந்த ஒரு வரிய அடிக்காம பைக்க எடுத்துட்டேன். யூபிஎஸ் இருக்கிறதால மூணு மாசமா அணையவே இல்ல. நீ அணைச்சே. பழைய ரூலு திரும்ப வந்துருச்சு. மறுநா லீவு நாளு. பில்லு சின்னது, போயிருச்சு. வாட்ஸ்அப் போயிருச்சு. ஸ்கேன் படம் பெருசு. மறிச்சிருச்சு.

மகா: ரெக்கார்டு நோட்டுல எம்பேர எழுதுன மாதிரியே...

சூரி: அடி. அடிச்சிரு என்னய.

மகா: இத எப்பத் தெரிஞ்சுக்கிட்ட?

சூரி: கம்பெனியில இருந்து ஃபோன் வந்த அன்னைக்கே சந்தேகம். இன்னைக்கு வந்து தெறந்த ஒடனே... மேலயே காலேஜு பேரு நிக்குது.

மகா: தெரிஞ்சுக்கிட்டே அவரு பேரப் போட்டு வாசிச்சியா? எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாசிச்சியா?

சூரி: இது வெளிய தெரிஞ்சா கம்பெனிக்குப் பதினோரு ஆஸ்பத்திரி கான்ட்ராக்டு போயிரும் மகா. இம்மானுவேல் சாருக்கு மூணு நாளைக்கு முந்தியே ஃபோன்ல சொன்னேன். சாரு, நான் சேவ் பண்ணாம வந்திருப்பேன் போலயேன்னு. 'அத நீ எங்கிட்டச் சொல்லல, நான் கேக்கல'ன்னு வச்சிட்டாக. அப்புறம்தான் இந்த வாசகம் வந்துச்சு.

மகா: அந்த மனுசன் அப்பனக் கொன்னுட்டேன்னு மண்ணுல ஒக்காந்து கெடக்குறாருடா!

சூரி: தெரியுது.

மகா: என்ன தெரியுது ஒனக்கு? நான் ஆத்துல குதிக்கப் பாத்தேன். அதாவது தெரியுதா?

சூரி: அதக் கேட்டுத்தான் சொன்னேன். சொல்லாம இருக்க முடியல.

மகா: வா. மேல போவோம். பெரிய டாக்டர்ட்ட நான் சொல்றேன் அணைச்சது நாந்தான்னு. நீ சொல்லு சேவ் பண்ணலன்னு.

சூரி: வேல போயிரும்.

மகா: போகட்டும்.

சூரி: போகட்டும். போகட்டும்... எழுதுறேன். அந்தப் பேப்பரக் குடு. இம்மானுவேல் சாரு வாசகம் இல்ல, எங் கையால எழுதுறேன். 'நான், சூரியபிரகாஷ், மூன்று மாதத்துக்கு முன் இந்தச் சாதனத்தை நிறுவியபோது...'

மகா: எழுது. நிறுத்தாத.

சூரி: மொதல்ல அண்ணன்ட்டச் சொல்லணும் மகா. டாக்டருக்கு முந்தி அவர்ட்ட. அவரு காதுல கேக்கணும்.

மகா: அந்தா, படியில எறங்கி வாராரு. அண்ணே! வேல்பாண்டியண்ணே! இங்கன வாங்க.

வேல்பாண்டி: என்ன பாப்பா? ஃபேனுதான? கப்பாசிட்டர் போயிருச்சு, மாத்திர்றேன். அட, சூரி தம்பியா... வாங்க. டீ குடிச்சீகளா?

சூரி: அண்ணே...

வேல்பாண்டி: அப்பாவப் பாத்தீகளா? இன்னைக்கு எடது கையால டம்ளரப் பிடிச்சாரு. பாதி கொட்டிருச்சு. பாதி குடிச்சிட்டாரு.

மகா: அண்ணே, நீங்க ஏண்ணே கையெழுத்துப் போட்டீக? அணைச்சது நான். ஏணியில நின்னவரு எப்பிடிண்ணே அணைக்க முடியும்? எனக்காக நீங்க பழி சுமக்க வேணாம்ணே. நான் போயிச் சொல்லப் போறேன்.

வேல்பாண்டி: மெல்லப் பேசு தாயி.

சூரி: அவளும் இல்லண்ணே. தப்பு எம்மேல. மாட்டுனப்ப நான் சேவ் பண்ணாமப் போயிட்டேன். நீங்க அணைச்சாலும், இவ அணைச்சாலும், பேட்டரி தீந்து அதுவா அணைஞ்சாலும் இதுதான் நடந்திருக்கும். நான் ஒழுங்கா ஒரு வரி அடிச்சிருந்தா, அணைச்சு எரிஞ்சாலும் படம் போயிருக்கும். ஒங்க அப்பாவுக்கு ஊசி போட்டிருப்பாக. நீங்க கொல்லலண்ணே. நாந்தான்... எழுதிட்டேன். இந்தாங்க, பாருங்க.

மகா: அண்ணே, வஞ்சிருங்க. ரெண்டு பேரையும் நல்லாத் திட்டிருங்க.

வேல்பாண்டி: இத மேல காட்டியாச்சா?

சூரி: இல்லண்ணே. ஒங்ககிட்டத்தான் மொதல்ல.

வேல்பாண்டி: ஃபோன்ல போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பல?

சூரி: இல்ல.

வேல்பாண்டி: அப்பக் கிழிச்சிருங்க.

மகா: என்னண்ணே சொல்றீக?

வேல்பாண்டி: கிழிச்சிருங்க தம்பி. குடுங்க, நானே கிழிக்கிறேன்.

சூரி: அண்ணே, ஒங்களுக்கு நான் சொன்னது புரியல போல...

வேல்பாண்டி: எல்லாம் புரியுது. பாப்பா அணைச்சத ஏணியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சேவ் பண்ணாத கதையும் தெரியும்.

சூரி: எப்பிடி?

வேல்பாண்டி: முந்தாநாளு ஒங்க இம்மானுவேல் சாரும் எங்க பெரிய டாக்டரும் மாடி ரூமுல பேசுனாக. நான் ஏசிக்கு வயர் மாத்திக்கிட்டு இருந்தேன். எலெக்ட்ரீசியன் இருக்கிறத யாரு பாக்குறா? பய சேவ் பண்ணாம வந்துட்டான் போலன்னு அவரு சொன்னாரு. அத மாட்டுன அன்னைக்கே நாங்க செக் பண்ணியிருக்கணுமேன்னு பெரிய டாக்டர் தலையில கைய வச்சுக்கிட்டாக. அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி என்னயப் பாத்தாக.

மகா: அவுகளுக்கே தெரியுமா? தெரிஞ்சுமா ஒங்ககிட்டக் கையெழுத்து வாங்குனாக?

வேல்பாண்டி: வாங்கல. கேட்டாக. நான் குடுத்தேன்.

மகா: அப்ப எனக்காக இல்லையா?

வேல்பாண்டி: மொத நாளு நாந்தான்னு கத்துனது ஒனக்காகத்தான் தாயி. நீ சின்னப் பிள்ள. கையெழுத்து ஒனக்காக இல்ல. அப்பிடி நெனச்சு அழுவாத.

சூரி: அப்ப எதுக்குண்ணே? அப்பனக் கொன்னவன்னு ஊரு பேசுமே. ஒங்க தம்பி, தங்கச்சி பேசுவாகளே...

வேல்பாண்டி: பேசிட்டாக. தங்கச்சி வந்து மூஞ்சியில காரித் துப்பிட்டுப் போயிருச்சு. நம்ம ஆளு கையால தெரியாம நடந்தது, அதனால ஒங்க அப்பாவ உசிரு உள்ளமட்டும் இங்கனயே வச்சுப் பாத்துக்கிறோம்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காக. கட்டிலு, மருந்து, கை கால நீவி விடுற ஆளு, எல்லாம். பெட்டிக்காரன் தப்புன்னு வெளிய வந்தா கேசு, கோர்ட்டு, நீ அவன்கிட்டப் போயிக் கேட்டுக்கன்னுருவாக. அன்னைக்கே டிஸ்சார்ஜு. அந்தப் பழைய வாசகத்தையே எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. உண்மையச் சொன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் மனசு லேசாகும்... எங்கப்பா எந்தக் கட்டில்ல படுப்பாரு?